தண்டை போட்ட பாலன்

அக்கா,

ஆணியில் மாட்டியிருந்த ரெக்சின் பையை இன்று காலை எடுத்து, வாயைத் திறந்து மோந்து பார்த்தேன். வசம்பு வாசனை. அதற்கு அடியில் சந்தனம். அதற்கும் அடியில் கல்தூள் வாசனை. அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று இருந்தேன். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்துவிட்டது. வழக்கமாக இந்நேரம் பாலன் இந்தப் பைக்குள் திரும்பி வந்திருப்பார். இந்த வருஷம் பையில் அவர் இல்லை. ஓட்டல்காரர்கள் கட்டிய காகித நட்சத்திரங்களை மட்டும் இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. கடல்பனியில் நனைந்து, விளக்கு அணைந்தும் அணையாமலும், தெரு முழுக்கத் தூக்கத்தில் மிதக்கிற மாதிரி தொங்குகின்றன. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உனக்கு எழுதலாம் என்று தோன்றியது.

பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் எட்டாவதுதான் என்று ஊர் சொல்லும். எட்டாவதையே இரண்டு முறை படித்தவன், கூட்டிப் பார்த்தால் பத்தாவதுக்கு மேலேயே வரும். போதாததற்கு, மாமல்லபுரத்துக் கல்ரதங்களைச் சுற்றிக் காட்டுகிற வேலையில் பதினாலு மொழி கற்றிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் நாலு வார்த்தை. மீதியைக் கை சொல்லிவிடும். ஜப்பான்காரர் ஒருவர் நான் சொன்ன கதையைக் கேட்டு ரதத்தைக் கட்டிப்பிடித்து அழுதார். நீ நம்பவில்லை. "கண்ணுல மணல் வுழுந்துகீதுடா" என்றாய்.

நம் வீட்டு வழக்கத்தை உனக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. மற்ற வீடுகளில் கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை இயேசு தானாகப் பிறந்துவிடுவார். அலமாரியில் காகிதம் சுற்றி வைத்திருப்பார்கள், எடுத்துப் படுக்க வைப்பார்கள். நம் வீட்டில் அப்படிக் கிடையாது. பாலனைத் தாய்மாமன்தான் சீரோடு தூக்கிக்கொண்டு வர வேண்டும். வருஷம் முழுக்கப் பாலன் மாமன் வீட்டில் இருப்பார். இருபத்து நாலாம் தேதி கூடப்பிறந்தவள் வீட்டுக்குப் பயணம். நம் அம்மாவின் தாய்மாமன் ஆரம்பித்து வைத்தது. வீட்டில் முதன்முதலாகக் குடில் வைத்தபோது அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா இது, மாட்டுக் கொட்டாயில பெத்துப் போட்டுகினு படுத்துகீது அந்தப் பொண்ணு. கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருந்தா இப்பிடி வுட்டிருப்பானா?" என்று கேட்டாராம். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கடைத்தெருவுக்குப் போய், கிலுகிலுப்பை, வசம்பு வளையல், சந்தனம், கற்கண்டு, ஒரு முழம் புதுத்துணி எல்லாம் வாங்கி வந்து தட்டில் வைத்தாராம். அன்றிலிருந்து மாதாவுக்கு நம் குடும்பம்தான் பிறந்த வீடு. அவரிடமிருந்து நம் மாமனுக்கு, மாமனிடமிருந்து எனக்கு. முதல் மாமன் ஆறடி ஏழங்குலம் என்று நான் சொல்வேன். "அஞ்சே கால்டா, போட்டோவுல நாற்காலி மேல நின்னுகினு கீறாரு" என்று நீ திருத்துவாய்.

செங்கல்பட்டில் உன் வீட்டு வாசலில் நான் வந்து நிற்கிற அந்த நிமிஷம்தான், அக்கா, எனக்கு வருஷத்திலேயே பெரிய நிமிஷம். தெருக் கோடியில் கொளவாய் ஏரி, தண்ணீர் எது வானம் எது என்று தெரியாமல் வெள்ளையாகக் கிடக்கும். அதன் ஓரமாக ரயில் ஒன்று சத்தமே இல்லாமல் போகும். சத்தம் இருந்திருக்கும், எனக்குக் கேட்காது. உள்ளே தேங்காய்ப்பாலில் கரைத்த மாவு எண்ணெயில் பூவாக விரிகிற வாசனை. நீ ஆரத்தித் தட்டோடு வருவாய். அச்சுமுறுக்கு மாவு முழங்கை வரைக்கும் காய்ந்திருக்கும்.

"யார்ரா வாசல்ல?"

"தாய்மாமன்."

"கையில இன்னா?"

"மருமவன்."

"வழியில இன்னா பாத்தீங்க ரெண்டு பேரும்?"

அதற்கு நான் சொல்லும் பதில்தான் வழிக்கதை. மாமன் வழிக்கதை சொல்லி முடித்தால்தான் பாலனுக்கு உள்ளே இடம். நம் மாமன் ரொம்பச் சிக்கனமாகச் சொல்வார். "மழை பேஞ்சிச்சி. வந்துட்டோம்." அவ்வளவுதான். என் கைக்கு வந்த பிறகுதான் வழிக்கதைக்கே ஒரு மரியாதை வந்தது. ஒரு வருஷம் பாறையில் செதுக்கிய யானை தும்பிக்கையைத் தூக்கிக் கும்பிட்டது. ஒரு வருஷம் கலங்கரை விளக்கம் பட்டப்பகலில் எரிந்தது. இன்னொரு வருஷம் கடல் தன் அலையைப் பிடித்துக்கொண்டு பஸ் புறப்படும் வரைக்கும் சும்மா நின்றது. உன் பிள்ளைகள் ஜெசியும் அருளும் வாயைத் திறந்து கேட்பார்கள். உன் வீட்டுக்காரர் சட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்பார்.

ஒரே ஒரு வருஷம் மட்டும் நான் ரொம்பச் சின்ன வழிக்கதை சொன்னேன். ஜெசிக்கு அப்போது எட்டு வயது.

அந்த வருஷம் விடியற்காலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்கு இடம் கிடைத்தது. மடியில் பை. பக்கத்தில் மீன்கூடைக்காரம்மா ஒருத்தி. "பையில இன்னா அண்ணாத்த, இப்பிடி புள்ளைய கட்டிகினு இருக்கிற மாதிரி கட்டிகினு கீறே?" என்று கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம். பையைத் திறந்து காட்டினேன். மரப் பாலன், மூன்று மாமன்கள் பூசின பெயிண்ட் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கன்னம் உப்பிப்போனவர். அவர் கப்பலில் வந்தார், கப்பல் உடைந்தது, மூன்று திமிங்கிலம் முறைபோட்டு முதுகில் தூக்கி வந்து கரையில் வைத்தன என்று நான் ஆரம்பித்ததும் முன் சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். பின் சீட்டுக்காரர்கள் எழுந்து நின்றார்கள். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது கதை நடுக்கடலில் இருந்தது. டீக் குடிக்க இறங்கினவர்கள், "நீயும் வாப்பா, மீதிய சொல்லு" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். இறங்கிவிட்டேன். பையைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன், அக்கா. இடம் பிடித்து வைக்கிற மாதிரி.

மூன்றாவது திமிங்கிலத்துக்கு நான் வந்தபோது விசில் சத்தம். கேட்டவர்கள் எல்லாம் ஓடி ஏறிக்கொண்டார்கள். சொன்னவன் டம்ளரோடு நின்றேன்.

குளக்கரை வரைக்கும் பஸ்ஸுக்குச் சமமாக ஓடினேன். அதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை. ஒரு செருப்பு அங்கேயே போயிற்று. மற்றதையும் கழற்றி எறிந்துவிட்டு, யாராவது பையை வழியில் தூக்கிப் போட்டிருப்பார்களோ என்று சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே செங்கல்பட்டு வரைக்கும் நடந்தேன். வயலில் பனி இறங்கியிருந்தது. தூரத்தில் வெள்ளையாகக் கொக்கு நின்றால்கூடப் பாலன் என்று ஓடினேன். பஸ் நிலையத்தில் அந்த பஸ் வேறு எங்கேயோ போய்விட்டிருந்தது. பை எதுவும் இல்லை என்றார்கள். அங்கிருந்து உன் தெரு கூப்பிடு தூரம். வெறும் கையோடு வந்து, "கையில இன்னா?" என்று நீ கேட்டால் என்ன சொல்வேன்? திரும்பி மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினேன்.

அங்கே என் சிநேகிதன் ஒருவன் சிற்பப் பட்டறை வைத்திருந்தான். பிள்ளையார், நந்தி, ஓட்டல் வாசலுக்குப் புத்தர். விஷயத்தைச் சொன்னேன். அவன் உளியைக் கீழே வைத்தான். பிறகு உள்ளேயிருந்து ஒரு மாவுக்கல் பொம்மையைத் தூக்கி வந்தான். ஆலிலையில் படுத்த குட்டிக் கிருஷ்ணர், முக்கால்வாசி முடிந்தது. கொண்டையையும் மயிற்பீலியையும் செதுக்கி எடுத்தான். ஆலிலையை வைக்கோலாக்கினான். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயிலில் கல்தூள் பறந்து பறந்து என் மேலும் அவன் மேலும் குழந்தை மேலும் ஒரே மாதிரி படிந்தது. அந்த மூன்று மணி நேரம் நான் விழித்திருந்தேனா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

கடைசியில் காலுக்கு வந்தபோது அவன் நிறுத்திவிட்டான். இரண்டு கணுக்காலிலும் தண்டை. முத்து முத்தாக முன்னமே செதுக்கி முடித்திருந்தான்.

"இத்த எடுத்துடேன்" என்றேன்.

"எடுத்தா கால் ஒடஞ்சி பூடும் அண்ணாத்த. மாவுக்கல்லு இது. இருக்கட்டும் வுடு. தாய்மாமன் போட்ட தண்டைன்னு சொல்லிக்க."

நல்ல யோசனைதான். சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. எதற்கும் வாய் வருகிறவனுக்கு அன்றைக்கு வரவில்லை. அவனே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து உன் தெருமுனையில் விட்டான். விளக்கு வைக்கிற நேரம் ஆகியிருந்தது. நீ வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாய். எவ்வளவு நேரமாக நின்றாயோ, கற்பூரம் கரைந்து போயிருந்தது.

"கையில இன்னா?" என்று கேட்டாய்.

"மருமவன்" என்றேன். வழியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, பெயிண்ட் உரிந்தது, சுரண்டினேன், உள்ளே பார்த்தால் கல், என்று சொன்னேன். உன் வீட்டுக்காரர் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "மரம்னு இல்ல நெனச்சிகினு இருந்தோம்? கனமா கீதே மச்சான். ஒரு வெரலு நீளமாவும் கீது."

"வருஷம் போவுது, புள்ள வளராதா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

நீ சிரிக்கவில்லை. குழந்தையை வாங்கி மடியில் போட்டாய். உன் விரல் காலிடம் போய் நின்றது. நான் தரையைப் பார்த்தேன். நீ உன் பழைய புடவை ஒன்றின் முந்தானை ஓரத்தைப் பர்ரென்று கிழித்து, இரண்டு காலையும் சேர்த்துச் சுற்றினாய். "கொயந்தைக்கு காலு குளிருது" என்றாய். பிறகு சமையலறைக்குப் போய் வெந்நீரில் உப்புப் போட்டு என் முன்னால் வைத்தாய். என் கால்கள் வீங்கியிருந்ததை அப்போதுதான் நானே பார்த்தேன். ஒன்றுமே கேட்கவில்லை நீ.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் புடவை ஓரத் துணியைப் புதிதாகக் கிழித்துப் பாலனுக்குக் காலில் சுற்றினாய். பார்க்கிறவர்கள் அதுவும் முதல் மாமன் காலத்து வழக்கம் என்றே நினைத்துக்கொண்டார்கள். கேட்டவர்களுக்கு நானும் ஆமாம் என்றேன். அதற்கு ஒரு தனிக் கதையே கட்டி வைத்திருந்தேன். திருக்கழுக்குன்றத்தில் மட்டும் நான் டீக் குடிக்க இறங்குவதே இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு உனக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. வாசலுக்கு வர முடியவில்லை, கட்டிலிலேயே உட்கார்ந்து கேள்வி கேட்டாய். நான் புலிக்குகையில் செதுக்கிய புலிகள் எல்லாம் கொட்டாவி விட்ட கதையைச் சொன்னேன். காலில் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி நீ சொன்னாய்: "நல்லா கீதுடா. அடுத்த வருசமாவது அன்னிக்கி நடந்த வழிக்கதைய சொல்லு." நான் சிரித்து மழுப்பினேன். நீ மழைக்காலம் வரும் முன்பே போய்விட்டாய்.

இந்த வருஷம் எனக்கு இரண்டு கவலை. முறைப்படி நான் இனி மாமன் இல்லை. வீட்டுக்காரி இப்போது ஜெசி. அவள் கூடப்பிறந்தவன் அருள்தான் தாய்மாமன். கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை, ஏழாவது மாடியில் வீடு. இந்தக் கிறிஸ்துமஸோடு பாலனை அவன் கையில் நான் ஒப்படைக்க வேண்டும். பொய்யைச் சேர்த்துக் கொடுப்பதா? உண்மையைச் சொன்னால், பழசே இல்லையாமே, எதற்கு இந்தச் சீர், எதற்கு இந்தப் பயணம் என்று அவன் அலமாரியில் வைத்துவிட்டால்? மூன்று மாமன்கள் தூக்கி வந்தது என் டீ டம்ளரோடு முடிந்துபோகுமே. அடுத்த கவலை, நீ கேட்டுவிட்டுப் போனாயே என்பது.

துக்க வருஷம், பலகாரம் வேண்டாம் என்று சிலர் சொன்னார்களாம். "எங்கம்மா சட்டிய கழுவி கவுத்து வெக்க சொல்லல" என்று ஜெசி அடுப்பை மூட்டிவிட்டாள். நான் போய் நின்றபோது அதே வாசனை. அதே ஆரத்தித் தட்டு. அவள் முழங்கையிலும் மாவு. பனிக்குள்ளிருந்து பார்த்தேனா, ஒரு நொடி நீதான் நின்றாய். சத்தியமாக, அக்கா. இதில் நான் ஒரு சரிகைகூட வைக்கவில்லை.

"வழியில இன்னா பாத்தீங்க மாமா, ரெண்டு பேரும்?"

சொன்னேன். மீன்கூடைக்காரம்மா, திமிங்கிலம், டீ, விசில், செருப்பு, கொக்கு, ஆலிலை, தண்டை. முதல் முறையாக எதையும் கூட்டாமல் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. சொல்லி முடித்தேன். அருள் கைதட்டினான்.

"மாமா, இதான் மாமா டாப்பு. யானைய வுட இது செம."

"டேய், இது நெஜம்டா."

"யானையும் நெஜம்னுதான் சொன்னீங்க."

உன் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கிருஷ்ணரை ஏசுவாக்கினான் பாரு. இந்த மாதிரி உனுக்குத்தான் மச்சான் வரும்."

"கால அவுத்துப் பாருங்க" என்றேன். கை துணிக்குப் போனது. ஜெசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும் மாமா. குளிரும்." அவ்வளவுதான். எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். இத்தனை வருஷம் நான் சொன்ன பொய்யை எல்லாம் நம்புகிற மாதிரி கேட்டவர்கள், என் உண்மைக்குக் கைதட்டிவிட்டுப் போனார்கள். கூடத்தில் நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏரிப்பக்கத்து வெளிச்சம் தரையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆமாம்டா என்று சொல்ல உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள், அவளும் இல்லை என்று நினைத்தேன்.

விளக்கு வைக்கும் முன் ஜெசி பாலனைக் குளிப்பாட்டக் கிண்ணத்தில் பன்னீர் கலந்த தண்ணீரோடு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, துணி முடிச்சை மெதுவாக அவிழ்த்தாள்.

"தண்டை எனக்கு பதினோரு வயசுலயே தெரியும் மாமா. நாந்தான குளிப்பாட்டுறேன்."

நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அம்மாகிட்ட போய் சொன்னேன். 'அன்னிக்கி உங்க மாமன் காலு ரெண்டும் பூரி மாதிரி வீங்கிகெடந்திச்சி. அவ்ளோ தூரம் நடந்து தேடினவன் கிட்ட இன்னாத்த கேக்கறது? தானா சொல்லுவான். சொல்ற அன்னிக்கி இந்த துணிய அவுத்துடு'ன்னுச்சி."

துணியை மடித்து என் பைக்குள் வைத்தாள். பிறகு பாலனை வெறுங்காலோடு, தண்டையோடு தூக்கிக்கொண்டு போனாள். குடில் முன்னால் அருள் விளக்கு வயரைச் சரிசெய்துகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன், பார்த்துக்கொண்டே இருந்தான். விரலால் முத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டான்.

"மாமா. நெஜமாவா?"

"நான் என்னிக்கிடா பொய் சொல்லிகீறேன்?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "அப்போ பழைய பாலன்?"

"அந்த பஸ்ல போய்கினு கீறாரு போல. எறங்க மனசில்லாம."

அவன் ஜன்னலைப் பார்த்தான். ஏரி ஓரமாக ரயில் ஒன்று விளக்குகளோடு போய்க்கொண்டிருந்தது. ஏதாவது சொல்வான், இதெல்லாம் எதற்கு என்பான் என்று பயந்து நின்றேன். அவன் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையிலும் விரித்து, பாலனை ஜெசியிடமிருந்து வாங்கினான்.

"அடுத்த வருசம் நா கொண்டாறணும்ல? எனுக்கு வழிக்கதை வராதே மாமா."

"தூக்கினு நட. தானா வரும்."

"பஸ்லலாம் வர மாட்டேன். கார்ல பெல்ட்டு போட்டு இட்டாருவேன்."

"காரோ தேரோ, டீ குடிக்க எறங்கினா கையோட எடுத்துகினு எறங்கு" என்றாள் ஜெசி. உன் குரல், அக்கா. அப்படியே உன் குரல்.

பண்டிகை முடிந்து மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பினேன். மடியில் பை. பாலன் இல்லாத பை, ஆனாலும் கை தானாக அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டது. மலைக்கோயில் பனிக்கு மேல் தனியாக மிதந்து வந்தது. திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றதும், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எழுந்தேன். டீக்கடைக்காரர் யாரோ புதியவர். பக்கத்தில் நின்ற ஒருவர், "பையில இன்னாபா, இந்தக் கூட்டத்துல இப்பிடி அணைச்சிகினு நிக்கிற?" என்று கேட்டார்.

சொல்ல எத்தனையோ இருந்தது. திமிங்கிலங்கள் வாயில் வந்து நின்றன.

"எங்கக்கா பொடவை" என்றேன்.

டீ நன்றாகத்தான் இருந்தது, அக்கா. விசில் அடிக்கும் முன்பே ஏறிவிட்டேன்.